மேளம் கட்டும் காது

போன சித்திரை வெயிலில் ராசிங்காபுரத்து வீட்டில் என் மகளின் வீணைக்கு மெழுகு இளகிவிட்டது. மெட்டுகள் நகர்ந்து, எந்த ராகத்தைத் தொட்டாலும் சுரம் பிசகியது. தஞ்சாவூருக்கே தூக்கிக்கொண்டு போனோம். போனது எவ்வளவு நல்லதாயிற்று! அந்த ஒரு நாளை இன்னும் வீட்டில் பேசித் தீரவில்லை.

பட்டறை முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் பலாச் செதுக்கல். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிறதே, அதே பலா! சுளையும் நிழலும் தருகிற மரம் என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். அதில் ஒரே துண்டாகக் குடம், தண்டி எல்லாம் குடைந்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. குடத்தைக் குடைந்துகொண்டிருந்த பெரியவர் நாலு வெட்டுக்கு ஒருதரம் விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது மேளம் கட்டுகிற வேலைதான், அதாவது மெட்டுகளைச் சுரத்துக்குப் பதிக்கிற வேலை. தண்டியின் இரு ஓரத்திலும் கரித்தூள் கலந்த மெழுகுச் சட்டம். அதன்மேல் ஸ்தாயிக்கு 12ஆக 24 மெட்டுகள். ரகுநாத நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில், வந்த அமைப்பு இது என்பார்கள். பெரியவர் ஒரு மெட்டை வைப்பார், தந்தியை மீட்டுவார், மயிரிழை நகர்த்துவார், மறுபடி மீட்டுவார். அளவுகோல் எதையும் அவர் தொடவில்லை. எல்லாம் காது!

பிடிலுக்கு மெட்டே கிடையாது. இத்தாலியின் கிரிமோனாவில் ஸ்ட்ராடிவாரி செய்த பிடிலானாலும் சுரத்தைத் தேடிப் பிடிப்பது வாசிப்பவரின் விரல்தான். வீணைக்கோ, சுரம் நிற்க வேண்டிய இடத்தைச் செய்கிறவரே முதலில் கேட்டாக வேண்டும். தச்சரும் அவரே, சங்கீதக்காரரும் அவரே. இப்படி ஒரு தொழிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை!

சாயங்காலம், "வாசி பாப்பா" என்று வீணையை மகளிடம் நீட்டினார். அவள் சரளி வரிசை வாசித்தாள். எங்களுக்கு எல்லாம் சரியாகத்தான் கேட்டது.

"காந்தாரம் இன்னும் ஒரு பொடி ஏறணும் தம்பி" என்றார் என்னைப் பார்த்து. மெழுகை இளக்கி, அந்த மெட்டைக் குடத்துப் பக்கம் துளி தள்ளினார். மகள் மீட்டினாள். அவள் கண் விரிந்ததை நான் மறக்கவே மாட்டேன்.

ஏகாண்ட வீணை ஒன்றுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.