பகடியும் வதையும்: ஒரு சொல்லும் ஒரு கணக்கும்

பள்ளி மாணவரிடையே பகடிவதை எந்த அளவுக்குப் பரவியுள்ளது என்னும் வினா எழும்போதெல்லாம் விடையாக ஒரு விழுக்காடு எடுத்துரைக்கப்படுகிறது. அவையும் அதனை ஏற்றுக்கொள்கிறது. அவ்விழுக்காடு எச்சொல்லைக் கொண்டு பெறப்பட்டது என்பதைத் தமிழ் கற்பிப்போராகிய நாமேனும் கேட்டாக வேண்டும்.

இரு கணக்குகளை அருகருகே வைத்து நோக்கலாம். 2017இல் மலேசியச் சுகாதார அமைச்சு 13 முதல் 17 வயது வரையிலான மாணவரிடம் நடத்திய தேசிய ஆய்வில், முந்திய 30 நாள்களில் பகடிவதைக்கு உள்ளானதாகக் கூறியோர் 16.2 விழுக்காட்டினர். மறு ஆண்டில் பொருளாதார ஒத்துழைப்பு மேம்பாட்டு அமைப்பு நடத்திய பீசா மதிப்பீட்டில், 15 வயது மலேசிய மாணவருள் 36 விழுக்காட்டினர் மாதத்தில் சிலமுறையேனும் இத்தகைய துன்பத்துக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். அவ்வமைப்பின் உறுப்பு நாடுகளுடைய சராசரி 23 விழுக்காடே. ஓராண்டுக்குள் இந்நாட்டுப் பிள்ளைகள் இருமடங்கு கொடியவராகிவிடவில்லை. வயது வரம்பும் கால வரம்பும் வேறுபட்டன என்பது உண்மையே. எனினும் முதல் ஆய்வு, பகடிவதை இன்னது என விளக்கிவிட்டு, அதற்கு எத்தனை நாள் ஆளானாய் என வினவியது. பீசா வினாத்தாளோ அப்பெயரையே சொல்லவில்லை. வேண்டுமென்றே ஒதுக்கினரா, கேலி செய்தனரா, மிரட்டினரா, உடைமையைப் பறித்தனரா, அடித்தனரா, தீய வதந்தி பரப்பினரா எனச் செயல்களை ஒவ்வொன்றாகக் கேட்டது. தன்னை வதைக்கப்பட்டவன் என்று சொல்லிக்கொள்ளக் கூசும் சிறுவனும், தன் புத்தகப்பை கால்வாயில் வீசப்பட்டதை ஒப்புக்கொள்வான்.

இனி நம் சொல்லுக்கு வருவோம். மலாய்மொழிச் சொல்லை அப்படியே தமிழில் எழுதினால் அது புலியாகிவிடும். அதனால்தானோ என்னவோ நம் நாளிதழ்கள் பகடிவதையைத் தெரிவுசெய்தன. ஆனால் அச்சொல் பல்கலைக்கழகத்துக்கு உரியது. இலங்கைத் தமிழர் அதனைப் பகிடிவதை என வழங்குவர். மூத்த மாணவர் புதுமுக மாணவருக்கு இழைக்கும் கொடுமையே அங்கு அதன் பொருள். அக்கொடுமையைத் தடைசெய்து 1998இல் அந்நாடு சட்டம் இயற்றியது. அதற்கு ஓராண்டுக்கு முன்னரே, 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொலையுண்டதை அடுத்து, தமிழ்நாடும் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இவ்வாறு கல்லூரி விடுதியில் பிறந்த சொல்லைப் பத்து வயதுப் பிள்ளையின் வகுப்பறைக்குக் கொண்டுவந்துள்ளோம்.

இடமாற்றம் மட்டும் குறையன்று. சொல்லின் முற்பகுதியில் 'பகடி' நிற்கிறது. அதாவது, வதைத்தவன் தலைமையாசிரியர் முன் கூறும் சாக்கு, 'விளையாட்டுக்குத்தான் செய்தேன் சார்' என்பது, பெயரிலேயே இடம்பெற்றுவிட்டது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்குரிய நான்கு களன்களுள் எள்ளலை முதலாவதாக வைத்தார். எள்ளல் எள்ளுவோனுக்கு நகை. எள்ளப்படுவோனுக்கு அழுகையின் களன்களுள் ஒன்றாகிய இளிவு. ஒரே செயல் இருவரிடத்து இரு மெய்ப்பாடாவதை நம் மரபின் கலைச்சொற்களே விளக்க வல்லன. அவ்வாறிருக்க, எள்ளுவோன் பக்கத்துப் பெயரை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம்.

ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் மாவட்டத்தின் லாபிஸ் போன்ற ஊரில் இதன் விளைவை எளிதில் காணலாம். செம்பனை, ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த அச்சிறு நகரின் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை, ஆறாம் ஆண்டு முடிந்ததும் மலாய்மொழி வழியிலான இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறது. மலாய்மொழியில் உரிய தேர்ச்சி பெறாதோர் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்து, படிவம் ஒன்றில் வகுப்புத் தோழரைவிட ஒரு வயது மூத்தோராய் அமர்வர். நிறத்தைச் சொல்லி அழைத்தல், மொழித் திக்கலைப் பின்பாட்டாகப் பாடிக் காட்டுதல், தோட்டத்துப் பிள்ளை எனச் சுட்டுதல், குழுவில் சேர்க்காதிருத்தல் ஆகியவை நிகழ ஏற்ற இடம் இது. இவற்றுள் எதனையும் அப்பிள்ளை பகடிவதை எனப் பெயரிட்டுச் சொல்லாது. தோட்டத்திலிருந்து வரும் பேருந்தினுள் நடப்பதை ஆசிரியர் பார்ப்பதும் இல்லை. தேசிய விழுக்காட்டை லாபிஸுக்குப் பொருத்திப் பேசுவோர் இவ்விரண்டையும் கருதுவதில்லை.

நார்வேயில் இத்துறை ஆய்வுக்கு வழிவகுத்த டான் ஒல்வெயஸ், தீங்கு செய்யும் நோக்கம், மீண்டும் மீண்டும் நிகழ்தல், வலிமை வேறுபாடு என மூன்று கூறுகளைக் குறித்தார். மூன்றும் பகடிவதை என்னும் கூட்டுச்சொல்லில் இல்லை. மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 2025 ஜூலை 11இல் நடைமுறைக்கு வந்த புதிய பிரிவுகளும் அச்சுறுத்தும், வசைபாடும், இழிவுபடுத்தும் சொற்களையும் செயல்களையுமே குறிக்கின்றன. சட்டம் செய்ததை வினாத்தாளும் செய்யலாம். பிள்ளைகள் தம் பேச்சில் வழங்கும் வினைச்சொற்களைக் கொண்டு, தமிழில் பத்துப் பன்னிரண்டு வினாக்கள் போதும். ஆறாம் ஆண்டில் ஒருமுறையும் இடைநிலைப்பள்ளியின் முதலாண்டில் மறுமுறையும் அதே பிள்ளைகளிடம் அவற்றைக் கேட்க வேண்டும். இரண்டாம் முறை பேருந்துப் பயணம் பற்றிய வினா விடுபடலாகாது.