இரண்டாம் பெறுதியும் வளைவு மாறும் இடமும்

நுண்கணிதம் பயிலும் உயர்தர மாணவனை நோக்கி விபத்திப் புள்ளி யாது என வினவின், "இரண்டாம் பெறுதி பூச்சியமாகும் இடம்" என்னும் விடை தயக்கமின்றி வரும். பரீட்சைக் குறிப்பேடுகள் பல இதனையே மந்திரம்போல் ஓதுவிக்கின்றன. இவ்விடை பிழையானது. யானும் பல்லாண்டு அவ்வாறே கற்பித்தேன்; வெளிவாரியாகத் தனித்துப் பயின்று பட்டம் பெற்றவனுக்குத் திருத்துவார் அருகில் இலர்.

மாறியின் நான்காம் வலுவைக் குறிக்கும் வளையியை நோக்குக. பூச்சியத்தில் அதன் இரண்டாம் பெறுதி பூச்சியமே. ஆயினும் வளையி இருபுறமும் கிண்ணம்போல் மேனோக்கியே வளைந்துள்ளது. கனமூலத்தின் வளையியிலோ அவ்விடத்து இரண்டாம் பெறுதியே இல்லை. வளைவு மட்டும் மாறிவிடுகின்றது. எனவே நாம் தேட வேண்டியது குறிமாற்றத்தையே.

பதுளையிலிருந்து பசறைக்கு வரும் பேருந்தில் சாரதியின் கைகளைக் கவனித்தவர்க்கு இது எளிதில் விளங்கும். இடப்புறம் திருகிய ஸ்டியரிங்கை வலப்புறம் திருகும்போது, இடையே ஒரு கணம் சக்கரங்கள் நேராகின்றன. வளைவு மாறும் கணம் அதுவே. ஆனால் இடப்புற வளைவொன்றின் நடுவே சற்று நேராக்கி, மீண்டும் இடப்புறமே திருகுவாராயின், பூச்சியம் வந்தது, மாற்றம் வரவில்லை.

பெயரும் குறையுடையதே. 'விபத்தி' என்றதும் மாணவர் செவியில் விபத்து என்றே ஒலிக்கின்றது. தமிழகப் பாடநூல்கள் வழங்கும் 'வளைவு மாற்றப் புள்ளி' தன் பொருளைத் தானே உரைப்பது. அதனை நாமும் கொள்ளலாம்.

இவற்றினும் பெரிய குறை, இக்கருத்து எதற்கு உதவும் என்பதைக் காட்டாமையாகும். நம் நாட்டுக் குடிசன மதிப்பீடுகளை எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகை 1953இல் ஏறத்தாழ 81 இலட்சம், 1963இல் 106, 1971இல் 127, 1981இல் 148, 2012இல் 204 இலட்சம். ஆண்டுச் சராசரி அதிகரிப்பை இடைக்காலங்களுக்கு முறையே கணித்தால் ஏறத்தாழ 2.4, 2.6, 2.3, 1.8 இலட்சம் எனக் கிடைக்கும். தொகை இறுதிவரை ஏறிக்கொண்டே சென்றது. ஏறும் வேகமோ இடையில் உச்சமடைந்து தணிந்தது. அவ்வுச்சமே வளைவு மாறிய இடம். அதனை வளர்ச்சி நின்ற இடமெனக் கொள்ளுதல் பெரும் பிழை. முதலாம் பெறுதி அங்கே பூச்சியம் அன்று, மிகப் பெரியது.

பிறப்பு வீதம் குறைந்தமை இதற்கு முதற் காரணம். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாத்திரி ஒப்பந்தத்தின் வழியே தோட்டத்து லயங்களை விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறிய நம்மவர் குடும்பங்களும் இக்கணக்கினுள் அடங்குவர். ஊவாப் பிள்ளைகட்கு அயலான எண்கள் அல்ல இவை. இவ்வளையியை ஒரு பாடவேளையில் கரும்பலகையில் வரைந்து காட்டப் பாடத்திட்டம் எதுவும் தடையாக நிற்கவில்லை.