பதிப்பு எண் பொருந்தினால் போதுமா?

லினக்ஸ் கெர்னல் தடுமாறி விழும்போது விட்டுச்செல்வது பெரும்பாலும் முகவரிகளைத்தான். எந்த முகவரி எந்த ஃபங்ஷனுக்கு உரியது என்று சொல்வது சிம்பல் டேபிள். 2.4 வரிசைக் கெர்னல்களில் இது சிஸ்டம்.மேப் என்ற தனிக் கோப்பாக இருந்தது. அது ஓடும் கெர்னலுக்குரியதுதானா என்று கெர்னல் செய்திகளைப் பதியும் கேலாக்டி நிரல் சோதித்தே ஏற்றுக்கொண்டது. கோப்புக்குள் 'வெர்ஷன்_132114' என்பதுபோல் ஒரு சிம்பல் இருந்தது. 2.4.18 என்ற பதிப்பின் 2-ஐ 65536-ஆலும் 4-ஐ 256-ஆலும் பெருக்கி, இரண்டையும் கூட்டி, 18-ஐச் சேர்த்தால் வரும் எண் அது. பழைய கெர்னலின் கோப்பு தவறிக் கிடந்தால் இந்தச் சோதனை பிடித்துவிடும். அந்த அளவில் அது நல்ல காவல்தான்.

ஆனால் அது சோதிப்பது பதிப்பை மட்டுமே. அதே 2.4.18 மூலநிரலில் ஒரு டிரைவரைக் கூடுதலாகச் சேர்த்துக் கம்பைல் செய்தால் முகவரிகள் இடம் மாறும், எண் மாறாது. இங்கேதான் ஆபத்து. தேடும் முறை, கொடுத்த முகவரிக்குக் கீழே மிக அருகில் உள்ள சிம்பலை எடுத்துக்கொள்கிறது. ஆகவே தவறான டேபிளிலும் ஏதோ ஒரு பெயர் கிடைத்துவிடும். நினைவக மேலாண்மையில் நேர்ந்த பிழைக்கு நெட்வொர்க் ஃபங்ஷனின் பெயர் வரலாம். பார்ப்பவருக்குச் சந்தேகமே எழாது. டேபிள் இல்லாவிட்டால் முகவரியாவது முகவரியாகவே நிற்கும். பொருந்தாத டேபிள் அதைவிடக் கேடு.

2003-இல் வந்த 2.6 கெர்னலால் கால்சிம்ஸ் வசதி வழியாக டேபிளைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடிகிறதே, இனி இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். ஓடும் கெர்னல் தன் பெயர்களைத் தானே சொல்லும்வரை அது நியாயமான கேள்வி. விழுந்த கெர்னலின் நினைவகப் படியை வேறொரு கணினியில் கிராஷ் கருவியால் ஆராயும்போது நிலைமை வேறு. ஃபங்ஷன் பெயர் மட்டும் அங்கே போதாது. மூலநிரலின் வரியும் தரவு அமைப்புகளும் வேண்டும். அதற்கு டீபக் தகவலுடன் கூடிய விஎம்லினக்ஸ் கோப்பை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். பொருத்தும் வேலை அப்படியே திரும்பிவருகிறது. கேஏஎஸ்எல்ஆர் வசதி இயங்கும் கெர்னல் ஒவ்வொரு பூட்டிலும் வேறொரு முகவரியில் அமர்வதால், சரியான கோப்பிலும் அந்த இடப்பெயர்ச்சியைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எந்தக் கோப்பு எந்தக் கெர்னலுக்குரியது என்று அறிய பில்ட் ஐடியே ஏற்ற அளவுகோல். லிங்கர் அதை வழக்கமாக, உருவான கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடுகிறது. உள்ளடக்கம் மாறினால் ஐடியும் மாறும். ஓடும் கெர்னலில் அதை சிஸ்எஃப்எஸ் நோட்ஸ் கோப்பில் படிக்கலாம். ஒவ்வொரு பில்டின் டீபக் கோப்பையும் காத்துவைக்க இடம் ஏராளமாக வேண்டுமே என்பது உண்மையான சுமை. மூலநிரலும் கம்பைலரும் கான்ஃபிகும் கையில் இருக்க, தேவைப்படும்போது மீண்டும் கம்பைல் செய்துகொள்ளலாம் என்ற யோசனை அதிலிருந்தே பிறக்கிறது. கம்பைலரின் ஒரு சிறு திருத்தப் பதிப்பு மாறினாலும் முகவரிகள் நகரலாம் என்பதால் அதை நம்ப முடியாது. புழக்கத்துக்கு அனுப்பிய பில்டுகளின் கோப்புகளையாவது, அவை எங்கோ ஓடிக்கொண்டிருக்கும்வரை அழிக்கக் கூடாது.