நாள்வழியும் பேரேடும்

பி.காம். படித்தவனிடம் சரித்திரத்தைக் கொடுத்தால் கணக்கிலிருந்துதான் ஆரம்பிப்பான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய மண்டிக் கடைகளில் இரண்டு நோட்டு இருக்கும். ஒன்று நாள்வழி. காலையில் கடை திறந்ததிலிருந்து என்ன நடந்ததோ, அதை நடந்த வரிசையில் எழுதிக்கொண்டே போவது. லட்ச ரூபாய்ச் சரக்கும் நாலணா சுண்ணாம்பும் அதில் அடுத்தடுத்த வரியில் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று பேரேடு. பிறகு சாவகாசமாக ஆள்வாரியாக, இனவாரியாகப் பிரித்து எழுதுவது. பேரேடு சுத்தமாக இருக்கும். ஆனால் சந்தேகம் வந்தால் முதலாளி கேட்பது நாள்வழியைத்தான்.

நாம் பள்ளியில் படித்த சரித்திரம் பேரேடு. டைரிகள் நாள்வழி.

புதுச்சேரியில் ஒருவர் அப்படியொரு நாள்வழியை இருபத்துநாலு வருஷம் எழுதினார். ஆனந்தரங்கப் பிள்ளை. பெயர் தெரியும், பாடத்தில் இரண்டு மார்க் கேள்வியாக வந்திருக்கும். ஆனால் படித்திருக்கிறீர்களா? பெரும்பாலானவர்களுக்கு அவர் பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்கள் வழியாகவே பழக்கம். நல்ல பழக்கம்தான். இருந்தாலும் மூலத்தின் ருசி வேறு.

1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். வியாபாரி. பிறகு பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் தலைமை துபாஷி. இன்றைய பாஷையில் மொழிபெயர்ப்பாளர், பி.ஏ., ஏஜெண்ட் எல்லாம் ஒருவரே. 1736 செப்டம்பரில் எழுத ஆரம்பித்து, 1761 ஜனவரியில் சாகும்வரை எழுதினார். அவர் கண்மூடிய சில நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. தலையணைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு கனம்.

உள்ளே என்ன இருக்கிறது? கப்பல் வந்தது. எத்தனை பீரங்கி மரியாதை போட்டார்கள். துணி என்ன விலை, பாக்கு என்ன விலை. யாருக்கு வெற்றிலை பாக்கும் பன்னீரும் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை. சகுனம், ஜாதகம், கவர்னர் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது. தமிழ் தெரிந்த டூப்ளே மனைவி எந்த விஷயத்தில் எல்லாம் மூக்கை நுழைத்தார் என்ற புலம்பல். இடையிடையே யுத்தம். எல்லாம் அன்றைய பேச்சுத் தமிழில். புலவர்கள் செய்யுளிலேயே மூச்சுவிட்ட காலத்தில் இப்படி ஒரு உரைநடை!

பெரும்பாலான விமர்சகர்கள் இந்த யுத்தத்துக்காகத்தான் பிள்ளையைப் படிக்கச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அது பலாப்பழத்தில் கொட்டையை மட்டும் எடுத்துக்கொள்கிற காரியமாகப் படுகிறது. யுத்தம் பேரேட்டிலேயே இருக்கிறது. 1745-ல் புதுச்சேரி மாதா கோயிலுக்குள் உயர்சாதிக் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றிக் கிளம்பிய தகராறு பேரேட்டில் எங்கே இருக்கிறது? பிள்ளையின் டைரியில் இருக்கிறது. மதம் மாறியவர்கள் சாதியை வாசலில் கழற்றிப் போடவில்லை என்பதை ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை நாற்பது பக்கத்தில் சொல்லும். பிள்ளை ஒரு சுவரைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

இவரை ‘இந்தியாவின் பெப்பீஸ்’ என்பார்கள். லண்டன் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பெப்பீஸ், 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் டைரி எழுதியவர். 1666-ல் லண்டன் பற்றியெரிந்தபோது அவர் செய்த காரியம், குழி தோண்டி ஒயினையும் பர்மசான் சீஸையும் புதைத்தது! சீஸ் அந்தக் காலத்தில் எவ்வளவு மதிப்பான சரக்கு என்று இதைவிட அழகாக யார் சொல்ல முடியும்? ஆனால் அதே டைரியில், மனைவிக்குத் துணையாக வீட்டுக்கு வந்த இளம்பெண்ணிடம் தான் நடந்துகொண்ட விதத்தையும் எழுதி வைத்திருக்கிறார். மனைவி கையும் களவுமாகப் பிடித்தார். ஐயா வருத்தப்பட்டுப் பக்கம் பக்கமாக எழுதினார். அந்தப் பெண்ணுக்கு வேலை போயிற்று. அவள் டைரி எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பாள்?

இங்கேதான் எனக்கு டைரிகள் மேல் சந்தேகம் வருகிறது. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது இரட்டைப் பதிவின் பாலபாடம். டைரியில் ஒரு பக்கம்தான் இருக்கும். ஏழை எளியவர்களை ஏமாற்றிப் பிடித்துக் கப்பலுக்கு அடிமைகளாக விற்ற செய்தியைப் பிள்ளை எழுதியிருக்கிறார். நல்லவேளை எழுதினார். ஆனால் விற்கப்பட்டவர்கள் தங்கள் பங்கை எழுதவில்லை. 1748 முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். மனம் நொந்து எழுதுகிறார். அதே டூப்ளேயிடம் துபாஷியாகவும் தொடர்கிறார். இதற்காக அவரைத் திட்டப் போவதில்லை. சம்பளம் கொடுப்பவர் தப்பு செய்யும்போது நாம் என்ன செய்கிறோம் என்று நமக்கே தெரியும். அந்தச் சங்கடம் அழியாமல் பக்கத்தில் கிடப்பதுதான் இந்த டைரியின் பெருமை. பேரேடு எழுதுகிறவர் இதை நாசூக்காக விட்டிருப்பார்.

அப்படியானால் மறு பக்கத்தை யார் எழுதினார்கள்? அபூர்வமாகச் சிலர். அமெரிக்காவில் மெய்ன் பகுதியில் மார்த்தா பாலார்ட் என்று ஒரு மருத்துவச்சி. 1785 முதல் 1812 வரை எழுதினார். இன்றைக்குப் பனி, அவரை நட்டேன், ஆற்றைக் கடந்து பிரசவம் பார்த்தேன், கூலி இவ்வளவு வந்தது. எண்ணூற்றுக்கும் மேற்பட்ட பிரசவங்கள். முதலில் பார்த்த சரித்திரக்காரர்கள் ‘அற்ப விஷயம்’ என்று ஒதுக்கிவிட்டார்கள். லாரல் தாட்சர் உல்ரிச் என்ற பேராசிரியை அந்த அற்ப விஷயங்களையே வரிசையாக அடுக்கி, 1990-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஊரில் பெண்களின் உழைப்பில் ஒரு தனிப் பொருளாதாரமே ஓடியது தெரியவந்தது. அடுத்த வருஷம் அதற்குப் புலிட்சர் பரிசு!

இந்த மூவரில் எழுத்து நயம் பெப்பீஸுக்கு. அதிகாரத்தின் சமையலறை வாசனை பிள்ளைக்கு. ஆனால் ஒரு டைரியைத்தான் காப்பாற்றலாம் என்றால் நான் மருத்துவச்சியைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவேன். மற்ற இரண்டு பேரும் விட்ட வரவுப் பக்கம் அவரிடம் இருக்கிறது.

டைரி என்றால் மனதைக் கொட்டி, உவமை போட்டு எழுதுவது என்று யாரோ நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் ஜனவரி ஐந்தாம் தேதியோடு நின்றுவிடுகிறது. என்ன வாங்கினீர்கள், என்ன விலை, யார் வந்தார்கள், யார் கோபித்துக்கொண்டார்கள். அது போதும்.

இன்னொன்று. உங்கள் வீட்டுப் பரணில், அம்மாவோ பாட்டியோ எழுதிய பால் கணக்கு, மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு நோட்டு ஏதாவது கிடக்கலாம். அதைப் பழைய பேப்பர்காரர் கிலோ கணக்கில்தான் எடை போடுவார். நீங்களும் அப்படியே போட்டுவிடாதீர்கள். ஒரு குடும்பத்தின் வரவுப் பக்கம் அந்த ஒரு நோட்டில் மட்டுமே இருக்கலாம்.