திருப்பாவையும் ஊதாரி மைந்தனும்

திருவில்லிபுத்தூரில் மார்கழி விடியல்தோறும் திருப்பாவை ஒலிக்கும் நாள்களில், நம் ஆலயங்களில் திருவருகைக் காலம் நிறைவெய்திக் கிறிஸ்து பிறப்பு விழா மலர்கிறது. மனமாற்றத்திற்கு அழைக்கும் திருமுழுக்கு யோவானின் குரலை அக்காலத்தில் நாம் கேட்கிறோம். அப்போது பழைய வினா ஒன்று எழுகிறது: மனம் வருந்தாதவனையும் கடவுள் மன்னிப்பாரா? இவ்வினாவோடு ஆண்டாளின் ஐந்தாம் பாசுரத்தையும் லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் பயில்வோம்.

அப்பாசுரத்தில் பாவையர் தூய்மையுடன் வந்து, மலர் தூவி, வாயாரப் பாடி, மனத்தில் இறைவனை இருத்துகின்றனர். அதனால் முன் செய்த பிழைகளும் பின் நேரவிருப்பனவும் நெருப்பில் விழுந்த தூசாய் மறையும் என்கிறார் ஆண்டாள். இத்தூசைப் பஞ்சு என விளக்குவதும் உண்டு. அருகிலுள்ள இராசபாளையத்தின் நூற்பாலைகளை அறிந்தோர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். ஒரு பொறி போதும். பொதி எத்துணைப் பெரிதென்று நெருப்பு பார்ப்பதில்லை. பாவத்தின் பெருக்கத்தைவிட அருளின் ஆற்றலே பாசுரத்தில் ஓங்கி நிற்கிறது. கண்ணீரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இனி நேரும் பிழைகளும் அழியும் என்பது பாவத்திற்கு முன்கூட்டியே தரும் இசைவு ஆகாதா? அறியாமல் நேர்வனவற்றையே அது குறிக்கும் என்று வைணவ உரை மரபு வரையறுக்கிறது. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி போலவா, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி போலவா மனிதன் மீட்கப்படுகிறான் என்று வடகலையாரும் தென்கலையாரும் நெடுங்காலம் வாதிட்டதும் இவ்வினாவை ஒட்டியதே.

லூக்கா காட்டும் இளைய மகன் வீடு திரும்பக் காரணம் தூய துயரம் அன்று, பசி. அவன் வாய் திறக்குமுன்பே தந்தை ஓடிவந்து தழுவுகிறார். தன்னைக் கூலியாளாக வைத்துக்கொள்ளுமாறு கேட்க அவன் எண்ணியிருந்த வேண்டுகோள் சொல்லப்படாமலே நின்றுவிடுகிறது. ஆயினும் மூத்த மகனை நாம் மறக்கலாகாது. அவனையும் தந்தை வெளியே வந்து அழைக்கிறார். அவன் உள்ளே சென்றானா என்பதைக் கதை கூறவில்லை. தந்தையின் அன்பில் குறைவில்லை; ஆனால் எவரையும் அவர் வலிந்து இழுத்துச் செல்வதும் இல்லை.

பஞ்சுவமை இங்கேதான் போதாமற்போகிறது. பஞ்சுக்கு மறுக்கும் உரிமை இல்லை, மகனுக்கு உண்டு. மனமாற்றத்தின் தொடக்கமே கடவுளின் அருள் என்றும், மனிதன் அதற்கு உரிமையோடு இசைய வேண்டும் என்றும் 1547இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் கற்பித்தது. தண்டனைக்கு அஞ்சி எழும் நிறைவற்ற மனத்துயரும் அருளின் கொடையாக இருக்கலாம் என்றும், ஒப்புரவு அருட்சாதனத்தில் அருள்பெற அது மனிதனை ஆயத்தப்படுத்தும் என்றும் 1551இல் அச்சங்கமே உரைத்தது. பசியால் திரும்பிய மகனுக்கும் வீட்டில் இடம் உண்டு என்பதன்றோ இதன் பொருள்?

ஆகவே மனத்துயர் மன்னிப்புக்கு நாம் செலுத்தும் விலை அன்று. வழங்கப்பட்டதை ஏற்கும் இசைவு. உத்தம மனத்துயர் வரட்டும் என்று ஒப்புரவைத் தள்ளிப்போடுவோரும், அருள் தானே வரும் என்று வாசலிலேயே நிற்போரும் இதை எண்ணுவது நலம். அருளின் பெருமையை ஆண்டாளின் பாட்டில் உணரும் நாம், உள்ளே செல்லும் பொறுப்பை லூக்காவிடம் கற்றுக்கொள்வோம்.