ஒரு பூட்டின் நளினம்

லினக்ஸ் கணினியில் ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆபீஸ், கிம்ப் மூன்றும் திறந்திருக்கின்றன. மூன்றுக்கும் எழுத்துரு வேண்டும். ஒவ்வொன்றும் எல்லா எழுத்துருக் கோப்புகளையும் தனித்தனியே துருவிப் பார்க்கப் புகுந்தால் நம் பொறுமை கரைந்துவிடும். கீத் பேக்கர்டு தொடங்கிய ஃபான்ட்கான்ஃபிக் அவற்றை ஒருமுறை துருவி, கோப்புறைக்கு ஒன்றாகக் கேஷ் எழுதி வைத்துவிடுகிறது. அந்தக் கேஷைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். இழைத்து இழைத்துச் செய்திருக்கிறார்கள்.

வழக்கமாகச் செயலிகள் இதை நகலெடுப்பதில்லை. எம்மேப் வழியே தத்தம் முகவரிவெளியில் அப்படியே விரித்துக்கொள்கின்றன. எத்தனை செயலிகள் விரித்தாலும் நினைவகத்தில் ஒரே பிரதிதான். ஒவ்வொன்றும் விரிக்கும் இடம் வேறு என்பதால், கோப்புக்குள் இருக்கும் பாயின்டர்கள் முகவரி சொல்வதில்லை. 'இங்கிருந்து இவ்வளவு தூரம்' என்று மட்டும் சொல்கின்றன. அசல் முகவரியில் எப்போதும் 0 ஆக இருக்கும் கடைசி பிட், இங்கே 1. குழந்தையின் கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டுபோல, அந்த ஒற்றை பிட் எத்தனை அழகு!

இன்னும் உள்ளே போனால், எந்த எழுத்துருவில் எந்தெந்த எழுத்து உண்டு என்ற குறிப்பு. 256 எழுத்துக்கு ஓர் இலை. எழுத்துக்கு ஒரு பிட். மொத்தம் 32 பைட். யூனிகோடில் தமிழுக்கான 128 இடங்களும் ஒடியாவுக்கான 128 இடங்களும் அடுத்தடுத்து இருப்பதால், இரண்டு மொழியும் ஒரே இலையில் குடியிருக்கின்றன. இரண்டு எழுத்துருக்களின் இலைகள் ஒன்றுபோல அமைந்துவிட்டால், ஒரே இலையை இரண்டும் பகிர்ந்துகொள்ளும். பகிர்வதற்கென்று செய்த கோப்பின் உள்ளுக்குள்ளும் பகிர்வு!

பூட்டுக்கு வருவோம். கேஷைப் புதுப்பிக்க வரும் செயலி, ஒரு தற்காலிகக் கோப்புக்குப் பூட்டின் பெயரில் லிங்க் போடுகிறது. அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் லிங்க் விழாது. ஒரே கணத்தில் இருவர் முயன்றாலும் ஒருவருக்குத்தான் கிடைக்கும். கிடைத்தவரும் பழைய கேஷின் மேல் கை வைப்பதில்லை. பக்கத்திலேயே புதியதை எழுதி முடித்து, கடைசியில் பெயரை மட்டும் மாற்றுகிறார். படித்துக்கொண்டிருப்பவரிடம் பழையது முழுதாக இருக்கும். அடுத்து வருபவருக்குப் புதியது முழுதாகக் கிடைக்கும். அரைகுறை யார் கண்ணிலும் படாது.

பூட்டியவர் நடுவழியில் செத்துப்போனால்? 10 நிமிடம் கடந்த பூட்டை அடுத்து எழுத வருபவர் நீக்கிவிடலாம். அதுவரையிலும்கூடப் படிப்பவர் எவரும் வாசலில் நிற்பதில்லை. எழுதுகிறவர்களுக்கு இடையில் மட்டுமே இந்தப் பூட்டு; படிக்க வருகிறவருக்கு அது குறுக்கே நிற்பதே இல்லை.