பூர்வீகக் கணக்கும் ஹீலா நதியும்: ஓர் ஆய்வுக் கட்டுரை பற்றிய விமர்சனக் குறிப்பு

விஞ்ஞானக் கட்டுரையும் ஓர் ஆக்கமே. எதனைக் கூறுவது, எதனைக் கூறாது விடுவது என்னும் தெரிவு அதற்கும் உண்டு. அத்தகைய தெரிவுகளின் சமூக அடிப்படையை ஆராய்தல் இலக்கிய விமர்சனத்தின் பணிகளுள் ஒன்றாதலின், மருத்துவத் துறைக்குப் புறத்தே நிற்கும் நாம் அத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கட்டுரை ஒன்றை இங்கு நோக்கத் துணிகின்றோம்.

நோலரும் அவர்தம் சகாக்களும் 1988 ஆம் ஆண்டில் வெளியிட்ட அக்கட்டுரை, ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஹீலா நதிக்கரையில் வாழும் பீமா என்னும் பழங்குடி மக்களின் நீரிழிவு நோய் பற்றியது. குருதியின் பிறபொருளெதிரிப் புரதங்களிற் காணப்படும் ஜீ.எம். என்ற பரம்பரைக் குறிகளுள் குறித்த ஒரு தொகுதியை உடையோர், அல்லாதோர் என 4,920 பேரை அவர்கள் வகுத்து நோக்கினர். உடையோரில் நூற்றுக்கு 8 பேரளவிலும் அல்லாதோரில் 29 பேரளவிலும் நீரிழிவு காணப்பட்டது. அக்குறியே நோயைத் தடுக்கின்றது என முடிவு கட்டுதல் எளிது. அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. ஒவ்வொருவரின் பழங்குடிப் பூர்வீகத்தையும் எட்டிலொரு பங்குகளாகக் கணித்து, ஒத்த பூர்வீகமுடையோரைத் தம்முள் ஒப்பிட்டபோது வேறுபாடு பெரும்பாலும் மறைந்துபோயிற்று. குறியானது ஐரோப்பியக் கலப்பின் அடையாளமாக மட்டுமே இருந்தது.

இந்த முறையியல் நேர்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பூர்வீகத்தை வாய்மொழியாற் கேட்டறிவதற்குப் பதிலாகக் குருதியிலிருந்தே மதிப்பிடும் முறை பின்னர் பரவியமைக்கு இத்தகைய எச்சரிக்கைகளும் காரணமாயின. ஆயினும் அம்முறைக்குரிய குறிகாட்டிகள் எவ்வாறு தெரிவு செய்யப்படுகின்றன? முன்கூட்டியே வகுத்துக்கொண்ட கூட்டங்களிடையே மிகுந்த வேறுபாடு காட்டுவன பொறுக்கப்படுகின்றன; ஏனையவை ஒதுக்கப்படுகின்றன. 1972 இல் றிச்சேட் லெவொன்ரின் 17 பரம்பரை முறைமைகளை ஆராய்ந்து, மானிட வேறுபாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பங்கு ஒரே மக்கட் கூட்டத்தினுள்ளேயே அமைகின்றது என்றும், 'இனங்கள்' எனப்படுவனவற்றிடையே உள்ளது 6 பங்களவே என்றும் காட்டினார். அந்தச் சிறு பங்கிலிருந்து பொறுக்கிய குறிகளே இங்கு பேசவைக்கப்படுகின்றன. 2002 இல் 52 மக்கட் கூட்டங்களைச் சேர்ந்த 1,056 பேரிடம் 377 குறிகாட்டிகளைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட ஆய்வில் கண்டங்களை ஒத்த ஐந்து தொகுதிகள் தோன்றின எனப் பெரிதும் பேசப்பட்டது. எத்தனை தொகுதிகள் வேண்டுமென்று கணினிக்குக் கூறுபவர் ஆய்வாளரே. ஆறு வேண்டுமென்றபோது ஆறாவதாக வந்தது பாகிஸ்தானின் மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் கலாஷ் என்னும் சிறு சமூகம்! அதனை எவரும் ஆறாவது இனம் எனப் பறைசாற்றவில்லை.

முற்போக்காளர் பலர் இத்துடன் நிறைவுற்று, 'இனம் என்பது வெறும் கற்பிதம்' எனக் கூறி அமைந்துவிடுகின்றனர். (எமது மொழியில் 'இனம்' என்ற ஒரே சொல் உயிரியற் பிரிவு, மொழிவழிச் சமூகம், தேசியம் ஆகிய அனைத்தையும் சுமப்பது இக்குழப்பத்தை மேலும் பெருக்குகின்றது.) நோலர் கட்டுரையின் அட்டவணை இவர்களையும் விடாது. பழங்குடிப் பூர்வீகம் கூடக்கூட நீரிழிவும் கூடுகின்றது என்பது அதில் உண்மையாகவே உள்ளது. அதனைக் கற்பிதம் என ஒதுக்குதல் கருத்துமுதல்வாதமேயாகும். அப்பூர்வீகம் எதனைச் சுமந்து நிற்கின்றது என்பதே கேட்கவேண்டிய வினா.

பீமா மக்கள் தம்மை அழைக்கும் பெயரான 'அகிமெல் ஓதம்' நதி மக்கள் எனப் பொருள்படும். ஹீலா நதியிலிருந்து கால்வாய் வெட்டிப் பயிர் செய்தவர்கள் அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கலிபோர்னியா நோக்கிச் சென்ற பிரயாணிகளுக்குக் கோதுமை விற்றனர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் மேல்நதியிற் குடியேறியோர் நீரைத் தம் நிலங்களுக்குத் திருப்பியதும் வயல்கள் வரண்டன, பஞ்சம் வந்தது, அரசாங்கம் வழங்கிய உணவில் ஒரு சமூகம் தங்க நேர்ந்தது. இந்த வரலாற்றுக்குள் 'முழுப் பழங்குடி'யாக இருத்தல் என்பது குருதிக் கணக்கு மட்டுமன்று. உற்பத்திச் சாதனத்தை இழந்தோரின் வழியில் வருதலுமாகும். எட்டிலொரு பங்கு என்ற எண்ணினுள் நிலம், நீர், கூலி, உணவு யாவும் ஒடுங்கிக் கிடக்கின்றன. ஆய்வோ அவ்வெண்ணைப் பரம்பரையின் மொழியிலேயே வாசிக்கின்றது.

இதற்கான மறுப்பு விஞ்ஞானத்தின் உள்ளிருந்தே எழுந்தமை குறிப்பிடத்தக்கது. மெக்சிக்கோவின் மலைக் கிராமமான மைக்கோபாவில் வாழும் பீமாக்களை அரிசோனாப் பீமாக்களுடன் ஒப்பிட்ட ஆய்வு 2006 இல் வெளிவந்தது. அரிசோனாவில் நூற்றுக்கு 38 ஆக இருந்த நீரிழிவு, உடலுழைப்பும் மரபான உணவும் மாறாதிருந்த மெக்சிக்கோப் பக்கத்தில் 6.9 ஆகவே இருந்தது. பரம்பரைக்கு எவ்விதப் பங்குமில்லை என இதிலிருந்து நாம் வாதிக்கவில்லை. ஒரே பரம்பரை இருவேறு சமூக இருப்புகளில் இருவேறு நோய் வரலாறுகளைப் பெறுகின்றது என்பதே எமது வாதம்.

நீண்ட வழக்குகளின் பின், 2004 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வாயிலாக அம்மக்களின் நீருரிமையில் ஒரு பகுதி மீள ஒப்புக்கொள்ளப்பட்டது. 2023 இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகங்களின் அறிக்கை, பரம்பரை வேறுபாட்டுக்குப் பதிலியாக 'இனம்' என்ற வகைப்பாட்டைக் கையாளலாகாது என்றும், சூழற் காரணிகளை நேரடியாகவே அளத்தல் வேண்டும் என்றும் பரிந்துரைத்துள்ளது. வரவேற்கத்தக்கதே. ஆனால் 'சூழல்' என்ற அடக்கமான சொல்லின் கீழ், நதியைத் திருப்பியவர் யார் என்பதைக் குறிக்கும் நிரல் எந்த அட்டவணையில் இடம்பெறும் என்பதனை அவ்வறிக்கையின் வழிநின்று ஆய்வோர் இனித்தான் கூறவேண்டும்.